பழைய லாரியின் எண்ணெய்க் குழாய்கள்

மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையேயுள்ள நெடுஞ்சாலையில், ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அருகே, தர்மஸ்தலா க்ஷேத்திரத்தின் சார்பில் ‘பயண’ என்னும் பழைய மோட்டார் வண்டிகளின் காட்சிசாலை 2023-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இத்தகைய காட்சிசாலைகளைக் கண்டு திரும்புவோர் பலருக்கும், தம் ஊர்ப் பட்டறையிலோ பண்ணையிலோ பள்ளித் தொழிற்கூடத்திலோ செயலற்று நிற்கும் பழைய லாரியை மீண்டும் ஓடவைக்கலாமே என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. ஆனால் காட்சிக்கு நிற்கும் வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. நிற்கும் வண்டிக்கு வண்ணப்பூச்சும் மினுக்கும் போதும். ஓடும் வண்டியின் ஆயுளோ, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இரண்டு மூன்று எண்ணெய்க் குழாய்களைப் பொறுத்திருக்கிறது. அக்குழாய்களை எங்கிருந்து எங்கே, எவ்வழியாகக் கொண்டு செல்ல வேண்டும், அவ்வாறு செய்வதற்குரிய காரணங்கள் யாவை என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

எண்ணெய் ஏன் சுற்றிவர வேண்டும்?

மைசூரின் பெயரை நாடெங்கும் பரப்பிய மோட்டார் வண்டி ஜாவா மோட்டார் சைக்கிள். இதனை 1961-ஆம் ஆண்டு முதல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை தயாரித்தது. பின்னர் யெஸ்டி என்னும் பெயரில் தொடர்ந்த உற்பத்தி 1996-இல் நின்றது. அவ்வண்டியின் என்ஜின் ஈரடி வகையைச் சேர்ந்தது. பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்து ஊற்றினால், அவ்வெண்ணெய் உள்ளுறுப்புகளை நனைத்தபின் எரிந்து புகையாக வெளியேறிவிடும். ஆகவே என்ஜினுக்குள் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்போ குழாயோ வடிகட்டியோ அதற்குத் தேவையில்லை.

லாரியின் நாலடி என்ஜின் இவ்வாறானதன்று. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் ஏறத்தாழ ஐந்தாறு லிட்டர் எண்ணெய் இருக்கும். அதே எண்ணெய் மேலேறி, பேரிங்குகளை நனைத்து, சூட்டை ஏற்றுக்கொண்டு, மீண்டும் தொட்டிக்கு வழிந்து, மறுபடியும் மேலேறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கரித்தூள், தூசி, தேய்ந்த உலோகத் துகள் ஆகியவற்றையும் அது சுமந்து வருகிறது. எனவே இவ்வகை என்ஜினுக்கு எண்ணெய் தடையின்றிச் சுற்றுதல், சுற்றும்போதே தூய்மையாதல் என்னும் இரண்டும் தேவை. குழாய் அமைப்பில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை, இரண்டாவதைக் கருதி முதலாவதைக் கெடுத்துவிடும் பிழைகளே.

எண்ணெய் செல்லும் வழி

தொட்டியிலிருந்து எண்ணெயைப் பம்ப் உறிஞ்சி, என்ஜின் உடலில் நீளவாக்கில் துளைக்கப்பட்டுள்ள முதன்மைக் கால்வாய்க்குள் செலுத்துகிறது. அதிலிருந்து பிரியும் துளைகளின் வழியே எண்ணெய் முதலில் கிராங்க் தண்டின் பேரிங்குகளையும், பின்னர் தண்டினுள் உள்ள துளைகளின் வழியே கனெக்டிங் ராடு பேரிங்குகளையும் அடைகிறது. பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கேயாகும். அவ்விடைவெளியில் எண்ணெய்ப் படலம் நிற்கும்வரை உலோகத்தை உலோகம் தொடுவதில்லை.

பழைய லாரிகள் பலவற்றின் பேரிங்குகளில் ‘வெள்ளை உலோகம்’ எனப்படும் வெள்ளீயக் கலவை பூசப்பட்டிருக்கும். ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர் 1839-இல் உரிமம் பெற்ற கலவை இது. சுமார் 240 டிகிரி சென்டிகிரேடில் இக்கலவை உருகத் தொடங்கும். எண்ணெய்ப் படலம் அறுந்த சிறிது நேரத்திற்குள் உராய்வின் சூடு இந்நிலையை எட்டிவிடக்கூடும். உருகிய பேரிங்கில் வெள்ளை உலோகத்தை மறுபடி வார்த்துக் கடைந்தெடுக்கவல்ல கைத்தொழிலாளர் இன்று அருகிவிட்டனர். கிராங்க் தண்டில் கீறல் விழுந்தாலோ, அவ்வளவில் மாற்றுத் தண்டு கிடைப்பதும் அரிது. ஆகவே, ஒரு குழாயின் பிழையால் அழிவது குழாயன்று. மீண்டும் பெறுதற்கரிய என்ஜினே அழிகிறது.

கால்வாயில் அழுத்தம் மிகுந்துவிடாதவாறு காக்க, வில்சுருளால் அழுத்தப்பட்ட ஒரு வால்வு உண்டு. குறித்த அளவை அழுத்தம் மீறினால் அவ்வால்வு திறந்து மிகை எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும். முழு அழுத்த முறையில் இயங்கும் என்ஜின்களில், ஓடும்போது சதுர சென்டிமீட்டருக்குப் பொதுவாக மூன்று கிலோகிராம் அளவில் அழுத்தம் நிற்கும். ஆனால் எல்லாப் பழைய என்ஜின்களும் இவ்வகையல்ல. 1950-களின் தொடக்கம் வரை வந்த செவ்ரோலே ஆறு சிலிண்டர் என்ஜின்களில், கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு அகப்பை எண்ணெயை வாரிக்கொள்ளும் முறை இருந்தது. அவற்றின் இயல்பான அழுத்தமே ஏறத்தாழ ஒரு கிலோகிராம்தான். ஆதலால், கையிலுள்ள என்ஜின் எவ்வகையினது என அறிந்த பிறகே மானி காட்டும் எண்ணை நல்லது என்றோ தீயது என்றோ கூற வேண்டும்.

கிளைவழி வடிகட்டி

என்ஜின் எண்ணெயை வடிகட்டும் முறை 1920-களில் தோன்றியது. எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு என்பவர் உருவாக்கிய ‘பியூரோலேட்டர்’ வடிகட்டி 1924-இல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் பொருத்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து பல ஆண்டுகள் வரை, அமெரிக்க லாரிகள் பலவற்றிலும் வில்லிஸ் ஜீப்பிலும் அமைந்தவை கிளைவழி வடிகட்டிகளே. பம்பாய் சேவ்ரியில் 1928 முதல் வண்டிகளைக் கோத்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் லாரிகளும், குர்லாவில் பிரீமியர் நிறுவனம் 1940-களின் பிற்பகுதி முதல் கோத்துவந்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும் நம் நாட்டில் பரவிய காலம் அது.

கிளைவழி முறையில் எல்லா எண்ணெயும் வடிகட்டிக்குச் செல்வதில்லை. முதன்மைக் கால்வாயிலிருந்து பத்தில் ஒரு பங்கு போன்ற சிறு பகுதி மட்டும் ஒரு குழாய் வழியே பிரிந்து, வடிகட்டியைக் கடந்து, அழுத்தமிழந்து தொட்டிக்குத் திரும்புகிறது. எஞ்சியது நேரே பேரிங்குகளுக்குச் செல்கிறது. சுற்று பலமுறை நிகழ்வதால், நாளடைவில் எல்லா எண்ணெயும் வடிகட்டியைக் கடந்துவிடுகிறது.

கிருஷ்ணராஜசாகரத்திலிருந்து புறப்படும் விசுவேசுவரய்யா கால்வாயின் பாசனத்தைக் கண்டவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். பெரிய கால்வாயின் பக்கத்தில் ஒரு சிறு மதகு இருந்தால் கடைமடை வரை நீர் செல்லும். அம்மதகை உடைத்துப் பெருவாயாக்கினால் அருகிலுள்ள பள்ளம் நிரம்பும். கடைமடை வயல் காயும். லாரி என்ஜினில் கடைமடையாவது, பம்பிலிருந்து தொலைவிலுள்ள பேரிங்கேயாகும். வடிகட்டிக் குழாயின் மதகாவது, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கட்டுத்துளை.

இத்துளையைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பழைய இணைப்பு கெட்டுவிட்டதென அதனை எறிந்துவிட்டு, கடையில் கிடைக்கும் ஆறு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள இணைப்பைப் பொருத்தினால் நேர்வது யாது? விட்டம் நான்கு மடங்காகிறது; பரப்பு பதினாறு மடங்காகிறது. என்ஜின் வேகமாகச் சுழலும்போது பம்ப் இவ்விழப்பை ஒருவாறு ஈடுசெய்யும். ஆனால் சூடேறிய எண்ணெய் நீர்த்து, என்ஜினும் மெல்லச் சுழலும் வேளையில், பம்ப் தரும் எண்ணெயின் பெரும்பகுதி வடிகட்டி வழியே தொட்டிக்கே போய்விடும். “வடிகட்டி பொருத்திய பின்புதான் அழுத்தம் குறைந்தது” என்ற குறைபாட்டைக் கேட்டால், முதலில் தேட வேண்டியது இக்கட்டுத்துளையைத்தான்.

கட்டுத்துளை எந்த முனையில் இருக்கிறது என்பதும் கருதத்தக்கது. அது என்ஜின் உடலில் இணையும் முனையிலேயே இருந்தால், குழாய் வழியில் அறுந்தாலும் அத்துளையின் அளவுக்கே எண்ணெய் வெளியேறும். மூன்று கிலோகிராம் அழுத்தத்தில் இது நிமிடத்திற்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் எனக் கணக்கிடலாம். ஓட்டுநர் மானியைக் கண்டு வண்டியை நிறுத்த ஓரிரு நிமிட அவகாசம் கிடைக்கும். துளை வடிகட்டியின் உள்ளே இருந்தால், அதுவரை செல்லும் குழாய் காவலற்றது. அறுந்தவுடன் பம்ப் இறைப்பதெல்லாம் சாலையில் கொட்டும். எனவே பழைய வடிகட்டி இல்லாமல் புதியது பொருத்துவோர், கட்டுத்துளையை என்ஜின் முனையிலேயே அமைத்தல் நலம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். பிற்கால என்ஜின்களில் எண்ணெய் முழுவதும் வடிகட்டியைக் கடந்தே பேரிங்குகளுக்குச் செல்லும். அத்தகைய முழுவழி அமைப்பில் கட்டுத்துளையை வைத்தால் என்ஜினின் உயிர்நாடியையே கட்டியதாகும். வடிகட்டியிலிருந்து வெளிவரும் குழாய் தொட்டிக்குச் செல்கிறதா, மீண்டும் கால்வாய்க்குச் செல்கிறதா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைக் கொண்டு உறுதிசெய்த பின்னரே கைவைக்க வேண்டும்.

குழாய்க்குரிய பொருள்

பட்டறைகளில் செம்புக் குழாயை விரும்புவதற்குக் காரணம் அது கையால் வளைவதே. ஆனால் செம்புக்கு ஒரு குணம் உண்டு: அசைய அசைய அது இறுகும், இறுகியபின் வெடிக்கும். என்ஜினின் இடையறாத அதிர்வே இவ்வசைவைத் தருகிறது. வெடிப்பு பெரும்பாலும் யூனியன் நட்டின் கழுத்தருகே, கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் தோன்றும். மேலும், சூடான எண்ணெய் காற்றுடன் கலந்து கெடுவதைச் செம்பு விரைவுபடுத்துகிறது. ஆகவே வடிகட்டிக் குழாய்க்கு எஃகுக் குழாயே ஏற்றது. பழைய செம்புக் குழாயை மாற்ற இயலாவிடின், அதைக் கழற்றி மங்கிய செந்நிறம் தோன்றுமளவு காய்ச்சி ஆறவிட்டு மறுபடி மென்மையாக்கிப் பொருத்தலாம். எனினும் காலந்தோறும் சோதித்துவர வேண்டும்.

நெகிழ்குழாய் தேவைப்படும் இடத்தில் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட, இழைப்பின்னல் உடைய செயற்கை ரப்பர்க் குழாயையே பயன்படுத்துக. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பி நைந்துவிடும். நைட்ரைல் வகை ரப்பர் எண்ணெயைத் தாங்கும். தண்ணீர்க் குழாயையும் காற்றுக் குழாயையும் எண்ணெய் அழுத்தத்திற்கு ஒருபோதும் இடலாகாது.

குழாய் செல்லும் பாதை

பாதையை வகுப்பதற்கு ஒரே அடிப்படை விதி உண்டு. ஒன்றாக அசையும் இரு புள்ளிகளை இணைக்கும் குழாயை அசையாமல் கட்டுக. வெவ்வேறாக அசையும் இரு புள்ளிகளை இணைக்கும் குழாயை நெகிழவிடுக. வடிகட்டி என்ஜின் மீதே அமர்ந்திருந்தால், எஃகுக் குழாயைக் கிளிப்புகளால் என்ஜினோடு இறுகப் பிணைக்கலாம். வடிகட்டி சாஸியிலோ ஓட்டுநர் அறையின் முன்தகட்டிலோ இருந்தால், ரப்பர்த் தாங்கிகளின் மேல் ஆடும் என்ஜினுக்கும் அசையாத தகட்டுக்கும் இடையே ஒரு நெகிழ்குழாய் இருந்தே தீர வேண்டும். எஃகுக் குழாயின் ஒரு கிளிப்பை என்ஜினிலும் மறு கிளிப்பைச் சாஸியிலும் கட்டுவது, குழாயை நாமே முறிக்க முயல்வதற்கு ஒப்பாகும்.

இவ்விதியைத் தழுவிப் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்:

(1) பழைய குழாயைக் கழற்றுமுன் படமெடுத்துக்கொள்க. கிளிப்பு இருந்த துளைகளும், குழாய் உரசிய தடங்களும் தொடக்கத்தில் அமைந்த பாதையைக் காட்டும். பழைய குழாயை எறியாமல் சீட்டுக் கட்டி வைத்திருத்தல் வேண்டும். புதியதற்கு அதுவே அச்சு.

(2) முதலில் கட்டுக்கம்பியை வளைத்துப் பாதையின் மாதிரியைச் செய்க. பிறகு அம்மாதிரிப்படி குழாயை வளைக்கலாம். வளைவின் ஆரம் குழாயின் வெளிவிட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையலாகாது. குழாய் நசுங்காமலிருக்க மணலை நிரப்பி வளைக்கும் பழக்கம் எண்ணெய்க் குழாய்க்கு ஆகாது. ஒரு மணல் தங்கினாலும் பேரிங்கைக் கீறும். சுருள்வில்லையோ வளைகருவியையோ பயன்படுத்துக.

(3) புகைபோக்கும் கிளைக்குழாயின் மேலும் அருகிலும் எண்ணெய்க் குழாயைக் கொண்டு செல்லாதீர். ஏற்றத்தில் பாரத்துடன் செல்லும் வண்டியில் அவ்விரும்பின் சூடு, கசியும் எண்ணெய் தானே தீப்பற்றும் சூட்டை மிஞ்சிவிடும். மறுபக்கமாகச் சுற்றிச் செல்வதால் குழாய் ஒரு முழம் நீண்டாலும் கேடில்லை.

(4) திரும்பும் குழாய் உட்செல்லும் குழாயைவிடக் குறுகலாக இருத்தல் கூடாது. அதில் எண்ணெயைத் தள்ள அழுத்தமில்லை. ஆகவே இடையில் மேடு பள்ளமின்றித் தொட்டியை நோக்கி இறங்கிச் செல்ல வேண்டும்.

(5) வடிகட்டியின் உள்வழியையும் வெளிவழியையும் மாற்றிப் பூட்டினால், வடிதாள் எதிர்ப்புறமாக அழுந்தி நைந்துபோகும். தங்கிய அழுக்கும் தொட்டிக்குத் திரும்பும். கலத்தின் மீதுள்ள குறியைப் பார்த்துப் பூட்டுக.

(6) குழாய் தகட்டை ஊடுருவும் இடத்தில் ரப்பர் வளையம் இடுக. கிளிப்பு இரும்பானால் குழாய்க்கும் அதற்கும் இடையே ரப்பர்த் துண்டு வைக்க வேண்டும்.

அழுத்தமானிக்குச் செல்லும் மெல்லிய குழாயில் எண்ணெய் ஓடுவதில்லை. அழுத்தத்தை மட்டும் அது கடத்துகிறது. 1849-இல் பாரிஸ் நகரத்து யூஜின் பூர்தோன் கண்டறிந்த வளைகுழல் மானியே இன்றும் அதன் முனையில் உள்ளது. அக்குழாய் என்ஜினை விட்டு நீங்கும் இடத்தில் இரண்டு மூன்று சுருள் சுற்றி விடப்பட்டிருப்பதைக் காணலாம். அஃது அழகுக்கன்று, அதிர்வை ஏற்றுக்கொள்வதற்கே. மிகையென நினைத்து அச்சுருளை நிமிர்த்தலாகாது.

மரைகளின் வேற்றுமை

நம் நாட்டில் அமெரிக்க, ஆங்கில, ஜெர்மானிய முறைகளில் அமைந்த லாரிகள் ஓடின. ஆகவே பட்டறைப் பெட்டியில் மூவகை இணைப்புகளும் கலந்து கிடக்கும். எட்டில் ஒரு பங்கு அங்குலக் குழாய் மரை ஆங்கில முறையில் அங்குலத்திற்கு 28. கோணம் 55 பாகை. அமெரிக்க முறையில் அங்குலத்திற்கு 27. கோணம் 60 பாகை. ஒன்றை மற்றொன்றில் திருகினால் ஓரிரு சுற்று ஏறிப் பிடித்தது போலத் தோன்றும். மேலும் முறுக்கினால் மரை சிதையும், என்ஜின் உடலும் வெடிக்கக்கூடும். டாட்டா நிறுவனம் 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் தயாரித்த மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகள் ஜெர்மானிய மரபைச் சேர்ந்தவையாதலால், அவற்றில் மில்லிமீட்டர் மரைகளை எதிர்பார்க்க வேண்டும். கூம்பு வாயிலும் 45 பாகை, 37 பாகை என இருவகை உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா. மரைமானி கொண்டு அளந்த பிறகே பூட்டுக. கசிவை நிறுத்தச் சுற்றும் மெல்லிய நாடாவின் பிசிறு கட்டுத்துளையை அடைத்துவிடுமாதலால், மரையின் முதல் இரு சுற்றுகளில் எதையும் இடாதிருத்தல் நன்று.

ஓட்டிச் சோதித்தல்

பொருத்துமுன் குழாய்களை மண்ணெண்ணெயால் கழுவி, அழுத்தக் காற்றால் ஊதுக. வடிகட்டிக் கலத்தில் எண்ணெயை நிரப்பிய பின், பெட்ரோல் வண்டியாயின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியும், டீசல் வண்டியாயின் எரிபொருளை நிறுத்தியும், மானியில் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் இடைவிட்டுச் சுழற்ற வேண்டும். அதன் பிறகே என்ஜினைக் கிளப்பலாம். அடியில் வெள்ளைத் தாளை விரித்தால் சொட்டு விழும் இடம் தெரியும். வடிகட்டியும் குழாய்களும் எண்ணெயை உட்கொள்வதால், நிறுத்தியபின் தொட்டியின் அளவைப் பார்த்து நிரப்புக. கால்மணி நேரம் ஓடியபின் வடிகட்டிக் கலத்தைத் தொட்டால் சூடாக இருத்தல் வேண்டும். குளிர்ந்திருந்தால் எண்ணெய் அதனுள் செல்லவில்லை என்பது பொருள்.

கட்டுத்துளை சரியா என அறிய எளிய வழி ஒன்று உண்டு. சூடான என்ஜின் மெல்லச் சுழலும்போது அழுத்தத்தைக் குறித்துக்கொள்க. என்ஜினை நிறுத்தி, வடிகட்டிக்குச் செல்லும் வாயை உரிய திருகாணியால் அடைத்து, அதே சூட்டிலும் வேகத்திலும் மறுபடி பார்க்க. இரண்டு எண்களுக்கும் வேற்றுமை சிறிதாயின் அமைப்பு நன்று. அடைத்தவுடன் அழுத்தம் வெகுவாக ஏறினால் மதகு பெரிதாக இருக்கிறது. இரு நிலையிலும் அழுத்தம் தாழ்ந்தே இருந்தால் குறை குழாயிலன்று. பம்பிலோ, வால்விலோ, தேய்ந்த பேரிங்கிலோ உள்ளது.

இறுதிச் சோதனை ஏற்றத்தில்தான். மைசூரைச் சார்ந்தோர்க்குச் சாமுண்டி மலைப்பாதை அருகிலேயே இருக்கிறது. தாழ்ந்த கியரில் மெல்ல ஏறும்போது எண்ணெய் நன்கு சூடாகும். உச்சியில் நிறுத்தி, மெல்லச் சுழலவிட்டு மானியைப் பார்த்தால், சமவெளியில் மறைந்திருந்த குறை வெளிப்படும். இறங்கியபின் யூனியன்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.

வகுப்பறையில் காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் இப்பொருளை மூன்று எளிய சோதனைகளால் விளக்கலாம்.

முதலாவது: மென்மையான செம்புக் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவிலும் அது இறுகுவதை விரலே உணரும், பிறகு முறியும். முறியுமுன் வேறொரு கம்பியைக் காய்ச்சி ஆறவிட்டால் மென்மை மீளும்.

இரண்டாவது: ஒரு முனை அடைத்த நீண்ட குழாயில் வரிசையாகச் சிறு துளைகளிட்டுக் கிடையாக வைத்து, உயரத்திலுள்ள வாளியிலிருந்து நீர் விடுங்கள். எல்லாத் துளைகளிலும் நீர் பீச்சி எழும். நீர் புகும் முனைக்கருகே பெரிய துளை ஒன்றைத் திறந்தால் மற்றவை தாழ்வதைக் காணலாம். பெரிய துளையை அடைத்து ஊசித்துளை இட்டால் மற்றவை முன்போல் எழும். கட்டுத்துளையின் தத்துவம் இதுவே.

மூன்றாவது: சைக்கிள் டியூப்பின் துண்டொன்றையும் எண்ணெய்க் குழாயின் ரப்பர்த் துண்டொன்றையும் அளந்து, மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் ஊறவைத்து மறுபடி அளந்து ஒப்பிடச் செய்யுங்கள்.

பழைய வண்டியைப் புதுப்பிக்கும் பணியில் செலவும் உழைப்பும் பெரிதும் உடலுக்கும் வண்ணத்துக்குமே செல்கின்றன. அவற்றுள் ஒரு சிறு பகுதியைக் கட்டுத்துளைக்கும், கிளிப்புக்கும், குழாய் செல்லும் பாதைக்கும் ஒதுக்குவோர் வசம் உள்ள வண்டியே அடுத்த தலைமுறை மாணவர்க்கும் ஓடிக் காட்டும்.